ஜெயஷீலா டீச்சரின் அகர் படலம்

நாசரேத்துக்காரியான ஜெயஷீலா, தூத்துக்குடிப் பள்ளி ஒன்றில் வேதியியல் டீச்சர். நாற்பத்தொரு வயதில் பகுதிநேர பிஎச்.டி.யில் சேர்ந்தாள். சனிக்கிழமையானால் கல்லூரி ஆய்வகத்துக்குப் போய்விடுவாள். கடல்பாசியில் எடுத்த அகரைக் காய்ச்சி, லித்தியம் உப்பும், சூடாக்காமலே திரவமாக இருக்கிற அயனித் திரவம் என்ற உப்பு ஒன்றும் கலந்து தட்டில் ஊற்றுவாள். காய்ந்ததும் கண்ணாடித்தாள் போல உரிந்து வரும். பேட்டரிக்குள் இருக்கும் தீப்பிடிக்கிற திரவத்துக்குப் பதிலாக இந்தப் படலத்தை வைக்க முடியுமா என்பதே ஆய்வு.

ஐப்பசி மழையில் செய்த படலம் அபாரமாக மின்சாரம் கடத்தியது. அவளைவிட ஏழு வயது இளையவரான வழிகாட்டி ரெனிஷ் துள்ளிக் குதித்தார். கட்டுரையை ஓர் ஆய்விதழ் ஏற்றுக்கொண்டது.

ஆனியில் மேற்கிலிருந்து மேல்காற்று வறண்டு வீசியபோது அதே கலவையை மறுபடி செய்தாள். பழைய அளவில் பத்தில் ஒரு பங்குகூட வரவில்லை. மூன்று முறை செய்தும் அப்படியே.

அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. வகுப்பில் பாதிச் சமன்பாட்டோடு நின்றாள். குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டாள்.

"ஏளா, கூப்பிட்டா காது கேக்க மாட்டேங்கு. என்ன ஆச்சு?" என்றார் துறைமுகத்தில் வேலை பார்க்கும் கணவர் பெனிஸ்டன்.

"கட்டுரையில நான் எழுதிக் குடுத்த அளவு தப்போன்னு பயமா இருக்குங்க."

அடுத்த சனிக்கிழமை ஒரே படலத்தை இரண்டாக வெட்டினாள். ஒரு துண்டை ஈரமில்லாத புட்டியிலும், மற்றதைத் தண்ணீர்க் கிண்ணத்தோடு மூடிய டப்பாவிலும் வைத்தாள். மாலையில் அளந்தபோது ஈரக்காற்றில் இருந்த துண்டின் அளவு மட்டும் எகிறியது. ஐப்பசியில் மின்சாரத்தைக் கடத்தியது பெரும்பாலும் மழைக்காற்றின் ஈரம்தான்.

"இதழ்க்காரங்க யாரும் கேக்கலையே டீச்சர்," என்றார் ரெனிஷ். "நாமளா போய்ச் சொல்லணுமா?"

"எனக்குத் தெரிஞ்சிட்டே சார். இனி எப்படிச் சும்மா இருக்க?"

அவர் எழுந்து போனார். நான்கு நாள் அவள் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். புதன்கிழமை ரெனிஷ் அழைத்தார்.

"கட்டுரையை வாபஸ் வாங்குறதா இதழுக்குக் கடிதம் அனுப்புங்க. என் பேரையும் சேத்துப் போடுங்க."

பட்டம் ஒன்றரை வருடம் தள்ளிப்போனது. அடுப்பில் நன்றாக உலர்த்தி, அயனித் திரவத்தின் பங்கைக் கூட்டி, காற்றுப் புகாமல் மூடிச் செய்த புதுப் படலம் பழைய அளவில் மூன்றில் ஒரு பங்கைத் தொட்டது. அதை வைத்துச் செய்த இரண்டு மின்கலங்கள் சிவப்பு விளக்கொன்றைப் பதினொரு நிமிடம் எரித்தன. ரெனிஷ் கைதட்டினார்.

"பன்னெண்டாவது நிமிசம் ஏன் அணைஞ்சுது?" என்றபடி ஜெயஷீலா மின்கலத்தைப் பிரிக்கத் தொடங்கியிருந்தாள்.