குடகிலிருந்து வந்த போன்

கூத்தாநல்லூருக்குக் கிழக்கே, வாய்க்காலின் கடைக்கோடியில் இருக்கிறது எங்கள் ஊர். காவிரித் தண்ணீர் ஊர் ஊராகப் பாய்ந்து எங்களுக்குத்தான் கடைசியாக வரும். அதனால் குறுவைக்கு எப்போது விதை ஊறப்போடுவது என்று டிவியை நம்பமாட்டோம், மருதையண்ணனைத்தான் கேட்போம்.

மடை திறந்து வயலுக்கு வயல் தண்ணீர் திருப்புகிற வேலை அவருக்கு. மகள் அம்சம் குடகில் காப்பித் தோட்டத்தில் கூலி வேலை செய்தாள். அங்கே மழை பிடித்ததும் அப்பாவுக்குப் போன் செய்வாள். அண்ணன் விரல்விட்டு நாள் எண்ணி, ஊறப்போடலாம் என்பார். மேட்டூர் திறந்து தண்ணீர் இங்கே வரும்போது நாற்று பறிக்கப் பதமாக நிற்கும். இத்தனை வருஷத்தில் பெரிதாகப் பிசகியதே இல்லை.

போன வருஷம் வைகாசியிலேயே அம்சம் கூப்பிட்டாள், மழை கொட்டுகிறது என்று. அண்ணன் சொன்னார், ஊரே ஊறப்போட்டது. நானும் குத்தகைக்கு எடுத்த ஆறு மா நிலத்துக்கும் நாற்று விட்டேன். பத்தே நாளில் அங்கே மழை நின்றுபோனது. ஆனி முழுக்க வெயில், அணை திறக்கவில்லை. குடம் குடமாகச் சுமந்து ஊற்றியும் நாற்று கருகிப்போனது.

எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது, பாழாய்ப்போன வாய். டீக்கடையில் நாலு பேர் முன்னால் அவரைப் பிடித்துக்கொண்டேன்.

“உங்க மக பேச்சைக் கேட்டு ஊரே நாசமாப் போச்சுண்ணே. இனிமே அவ போன் பண்ணா எடுக்காதீங்க.”

அவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

ஆடியில், ஒரு மாதத்து மழை குடகில் நாலே நாளில் இறங்கியது. அணை நிரம்பி, மிச்சத் தண்ணீர் கொள்ளிடம் வழியாகக் கடலுக்குப் போனது. எங்கள் வாய்க்காலிலும் தண்ணீர் வந்தது, நடத்தான் நாற்றில்லை. அதே மழையில் மலை சரிந்து, அம்சம் இருந்த வீட்டை மூடிவிட்டது. மூன்றாம் நாள்தான் உடலை எடுத்தார்கள்.

காரியம் முடிந்து ஒரு வாரம் கழித்து மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். வாசலில் உட்கார்ந்திருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே பேசினார்.

“மழை ஆரம்பிச்ச அன்னிக்கு அம்சம் மூணு தடவ கூப்பிட்டிருக்கா, தங்கச்சி. நான் எடுக்கல.”

ஏன் எடுக்கவில்லை என்று அவர் சொல்லவில்லை. உள்ளே திரும்பி, எனக்குத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார்.