மாடியில் கட்டித் தந்த மண்டபம்

மட்டாஞ்சேரியில் எங்கள் சமூகத்துக்கென்று ஒரு பழைய மண்டபம் இருந்தது. முன்பக்கம் கல்யாணம் நடக்கும். பின்பக்கம் கிணற்றடியில் ஓர் ஓட்டுக் கொட்டகை. மிளகுக் கோடவுன்களுக்கு மேலே ஒற்றை அறைகளில் குடியிருந்த எங்களில் யார் இறந்தாலும் அங்கேதான் கிடத்திக் குளிப்பாட்டுவோம்.

எண்பதுகளின் தொடக்கத்தில் எர்ணாகுளத்து கான்ட்ராக்டர் ஒருவர் அந்த இடத்தில் அடுக்குமாடி கட்ட வந்தார். பதிலுக்கு என்ன வேண்டுமென்று எங்களையே தீர்மானிக்கச் சொன்னார். கூட்டத்தில் எல்லோரும் மாடியில் பெரிய கல்யாண ஹால் கேட்டார்கள். என் கணவர் மட்டும் எழுந்து, "அப்போ பின்கொட்டகைக்கு என்ன வழி?" என்றார்.

"நல்ல காரியம் பேசறச்சே அதை எடுக்காதேயும் ஓய்" என்று சமூகக் காரியதரிசி அவரை உட்காரவைத்துவிட்டார். ஹால் வந்தது. கொட்டகையை இடித்து, கிணற்றைத் தூர்த்து கார் நிறுத்த இடம் செய்தார்கள்.

அடுத்த மழைக்காலத்தில் என் கணவர் ஆஸ்பத்திரியில் இறந்தார். எங்கள் வீட்டின் குறுகிய மரப்படியில் உடலை ஏற்ற முடியவில்லை. ஹாலுக்கு ஆள் அனுப்பினேன். காரியதரிசியே வந்து, "நாளைக்கு அங்கே முகூர்த்தம் மன்னி, ஒண்ணும் நினைச்சுக்கப்படாது" என்றார்.

தெருவில் கிடத்தினோம். மிளகு மூட்டைகளை மூடும் தார்ப்பாயை நாலு பேர் பிடித்துக்கொள்ள, தெருக்குழாய்த் தண்ணீரில் குளிப்பாட்டினோம். வழி கேட்டு ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.

இப்போதெல்லாம் இடம் கொடுத்துக் கட்டடம் வாங்கும் பேச்சு எங்கே நடந்தாலும் அங்கே போய் நிற்கிறேன். "சாவு விழுந்தா எங்கே கிடத்தறது?" என்றுதான் முதலில் கேட்கிறேன். காதைப் பொத்திக்கொள்கிறார்கள். பதில் வரும்வரை நான் உட்காருவதில்லை.