மூன்றாம் தரம் சாப்பிடும் விருந்தாளி

கௌசலா வென்றவற்றை ஒழுங்காகச் சொல்ல வேண்டும். சாதாரண தரப் பரீட்சையில் கணிதத்தை, மூன்றாம் தடவை. சைக்கிளை, இருபத்துநான்காவது வயதில். பஸ்ஸை, அதற்கும் அடுத்த வருடம். அதுவரை ‘இறக்கம்’ என்று சொல்லக் கூச்சப்பட்டு, வேறு யாராவது இறங்கும்வரை இருந்துவிட்டு, இரண்டு கட்டை தூரம் திரும்பி நடந்து வருபவள்.

அப்படிப்பட்டவளைத்தான் வட்டக்கச்சியில் ஒரு முன்பள்ளிக்கு உதவியாளராக எடுத்தார்கள். வேலை, பதினேழு பிள்ளைகளை ஆட்களோடு பழகப் பழக்குவது. மாமா ஏரம்பு ஒரு கிழமை சிரித்தார். உதவியாளரால் ஆசிரியர் இடாப்பில், அந்த வரவுப் பதிவேட்டில், கையெழுத்து வைக்க முடியாது. கல்வி அதிகாரி வந்து வகுப்பைப் பார்த்துச் சரி என்றால்தான் அவள் ஆசிரியை. இல்லாவிட்டால் வேறு ஆள் வரும்.

சின்ன வயதில் வீட்டுக்கு யாராவது வந்தால் அலுமாரிக்குப் பின்னால் ஒளிந்தவள் கௌசலா. பிள்ளைகளுக்கு எதில் பயம் என்று அவளுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. அவள் கண்டுபிடித்தது விருந்தாளி விளையாட்டு. ஒரு பிள்ளை வெளியே போய்ப் படலையால் வரும். மற்றவர்கள் வாங்கோ, இருங்கோ என்று கதிரை போட்டுச் சாப்பிடக் கேட்பார்கள். விருந்தாளி இரண்டு தரம் வேண்டாம் என்பார், நம்பக் கூடாது. மூன்றாம் தரம் சாப்பிடுவார். ஊரில் எல்லா வீட்டிலும் நடப்பதுதானே.

பதினாறு பிள்ளைகள் இரண்டு மாதத்தில் தேறிவிட்டார்கள். லக்சிகா மட்டும் வாய் திறக்கவில்லை. அவளுடைய சாப்பாட்டுப் பெட்டிக்குக் கிட்டப் போன கையைக் கடித்தாள். ‘கதைப்பதில்லை, பகிர்வதில்லை’ என்று அவளைப் பற்றிக் கோப்பிலேயே எழுதியிருந்தது.

அதிகாரி வந்தார், பார்த்தார், முகத்தில் ஒன்றும் காட்டாமல் எழுந்தார். பிள்ளைகள் சாப்பிடக் கேட்டார்கள். வேண்டாம் என்றார். திரும்பவும் கேட்டார்கள். வேண்டாம். மூன்றாம் தரமும் வேண்டாம் என்றதும் வகுப்பே கலங்கிப்போயிற்று; அப்படியொரு விருந்தாளியை அவர்கள் கண்டதில்லை. அவர் வாசலுக்குப் போனார். அங்கே கழற்றி வைத்திருந்த அவருடைய சப்பாத்துகளின்மேல் லக்சிகா குந்தியிருந்தாள். இடாப்பு தன் கண் முன்னாலேயே மூடிக்கொண்டதுபோல் இருந்தது கௌசலாவுக்கு.

“எழும்பு பிள்ளை, நான் போகவேணும்,” என்றார் அதிகாரி.

“பொய்க்குத்தானே வேண்டாம் எண்டுறியள்,” என்றாள் லக்சிகா. பெட்டியைத் திறந்து, ரொட்டியைப் பிய்த்து, பெரிய பாதியை நீட்டினாள். “சாப்பிட்டிட்டுப் போங்கோ.”

அவர் கௌசலாவைத் திரும்பிப் பார்த்தார். “இந்தப் பிள்ளையோ கதைக்காது எண்டு எழுதியிருக்கு?”

“ஓம் சேர். இவ்வளவு நேரமும் கதைக்கேல்லைத்தான்.”

அவர் காலைச் சாப்பாடு இல்லாமல் வந்திருந்தது ரொட்டி போன வேகத்தில் தெரிந்தது. ஓரடி உயரக் கதிரையில், முழங்கால் நாடியில் முட்ட இருந்து சாப்பிட்டார். கோப்பில் லக்சிகாவைப் பற்றிய வரியை வெட்டினார். கௌசலாவின் பெயருக்கு நேரே சரி போட்டார். அதற்குப் பிறகுதான் சப்பாத்து கிடைத்தது.

ஆசிரியர் இடாப்பில் கௌசலா முதன்முதலாகக் கையெழுத்து வைத்தது 2023 ஜூன் 5, திங்கட்கிழமை, காலை 7.40.