சாமி முன்னால் ஆறு பெட்டிகள்

போன வருடம் புரட்டாசி பிறந்த அன்று நடந்தது இது. இடம், கொல்கத்தாவை அடுத்த ஹவுராவில், சாந்த்ராகாச்சி ரயில் யார்டுக்குப் பக்கத்தில் எழும்பிக்கொண்டிருந்த ஓர் அடுக்குமாடிக் கட்டடம். எழும்பியது என்றா சொன்னேன்? அப்போது அது வெறும் பள்ளம். கார் நிறுத்துமிடத்துக்காக இரண்டு ஆள் உயரத்துக்கு மேல் தோண்டி, மண் சரியாமலிருக்க இரும்புத் தகடுகளை இறக்கிச் சுவர்போல நிறுத்தியிருந்தார்கள்.

அந்தச் சுவரைக் கண்காணிப்பதுதான் என் வேலை. அந்தத் தகடுகளின்மேல் டிபன் பாக்ஸ் அளவில் ஆறு சென்சார் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் ஒரு சிம் கார்டு. சுவர் துளி சாய்ந்தாலும் கொல்கத்தா டாலிகஞ்சில் என் வீட்டுச் சமையலறையில் போன் கூவும். "உன் சுவருக்கு இன்னிக்கு உடம்பு எப்படி இருக்கு?" என்று காலைக் காபியோடு கிண்டல் செய்வார் என் கணவர். எனக்கு உள்ளூரப் பெருமைதான். சேற்றில் கால் வைக்காமல் வீட்டிலிருந்தபடியே ஒரு கட்டடத்தை மேய்க்கிறேனே!

அன்று விஸ்வகர்மா பூஜை. நம்மூர் ஆயுத பூஜை மாதிரி, இங்கே தொழிலாளிகளுக்கு அது பெரிய நாள். வேலை கிடையாது. சாமிக்குப் பூஜை, எல்லோருக்கும் கிச்சடிச் சாப்பாடு. என்னையும் கூப்பிட்டிருந்தார்கள்.

முந்தைய இரண்டு நாளும் விடாத மழை. அன்று காலை ஏழு மணிக்கு போன் அலறியது. ஆறு சென்சார்களும் ஒன்றன்பின் ஒன்றாகத் தாறுமாறாகக் காட்டிவிட்டு, தாமாகவே அடங்கின. மழைக்காலத்தில் ஈரம் ஏறி ஒன்றிரண்டு இப்படிப் பிதற்றுவது வழக்கம். அப்போதெல்லாம் போனிலேயே ஒரு பட்டனை அழுத்தி, 'இனி இதுதான் பூஜ்ஜியம்' என்று புதிதாகத் தொடங்கிவிடுவேன். அன்றும் அழுத்தினேன், தோசையைத் திருப்பிக்கொண்டே. ஆறும் சேர்ந்து எப்படிப் பிதற்றும் என்று இந்த மரமண்டைக்கு ஒரு நிமிடம் யோசிக்கத் தோன்றவில்லை.

பத்து மணிக்கு சைட் சூப்பர்வைசர் கூப்பிட்டார். மேலே எல்லாம் சேறு. பள்ளத்தில் தண்ணீரை இறைத்துவிட்டோம். கீழே சிமென்ட் தளத்தில், சுவரோரமாகத் தார்ப்பாய் கட்டிப் பந்தி வைக்கலாமா என்று கேட்டார். திரையைப் பார்த்தேன். ஆறு கோடுகளும் ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல நேராக இருந்தன.

"தாராளமா வைங்க. சுவர் அசையவே இல்லை" என்றேன்.

மதியம் நான் போய்ச் சேர்ந்தபோது கீழே நாற்பது பேருக்கு மேல் பந்தியில் உட்கார்ந்திருந்தார்கள். முதலில் சாமி கும்பிடலாம் என்று வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் இருந்த கொட்டகைக்குள் நுழைந்தேன். விஸ்வகர்மா யானைமேல் இருந்தார். முன்னால் நீள மேஜையில் கொத்தனார் கரண்டி, சுத்தியல், டிரில்லிங் மெஷின் எல்லாம் கழுவிப் பொட்டு வைத்து அடுக்கியிருந்தன. அந்த வரிசையின் கடைசியில், செந்தூரப் பொட்டும் சாமந்தியுமாக என் ஆறு பெட்டிகள்.

என்னை 'தீதி', அதாவது அக்கா, என்று கூப்பிடும் தலைமை மேஸ்திரிக்கு முகமெல்லாம் சிரிப்பு. "தீதி, உங்க மெஷினுக்கும் பூஜை போட்டாச்சு! காலைல ஏழு மணிக்கே நானே கழட்டித் துடைச்சு வெச்சேன். நாளைக்கு மாட்டிடறேன்."

அப்படியானால், காலை முழுக்க நான் பார்த்துக்கொண்டிருந்தது இந்த மேஜையை!

பள்ளத்தின் விளிம்புக்கு ஓடினேன். தகடுகளுக்குப் பின்னால் தரையில் கை நுழையும் அளவுக்கு நீளமாக ஒரு வெடிப்பு. தகடுகள் நடுவில் வயிறு தள்ளி நின்றன. நேர் கீழே இலை போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கொல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு வங்காளம் சுத்தமாக மறந்துவிட்டது. "எந்திரிங்க! மேல வாங்க! ஓடி வாங்க!" என்று தமிழில் கத்துகிறேன். எல்லோரும் அண்ணாந்து பார்த்துச் சிரிக்கிறார்கள். பின்னாலேயே வந்த மேஸ்திரி அந்த வெடிப்பைப் பார்த்தார். என்ன சொல்லிக் கத்தினாரோ, அத்தனை பேரும் எச்சில் கையோடு எதிர்ப்பக்கச் சரிவில் ஏறி ஓடினார்கள்.

கடைசி ஆள் மேலே வந்து, ஒரு பீடி பற்றவைக்கும் நேரம்கூட ஆகியிருக்காது. சுவர் மடங்கியது. பந்தி, அண்டா, தார்ப்பாய் எல்லாம் மண்ணுக்குள் போயின. மேஸ்திரி ஆட்களை இரண்டு முறை எண்ணினார். ஒருவரும் குறையவில்லை. நான் அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்து அழுதேன்.

மேஸ்திரிமேல் எனக்குக் கோபமே வரவில்லை. பெட்டிகளை மாட்டிய அன்று, "விலை உயர்ந்த மெஷின், பத்திரம்" என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன். எதற்கு என்று சொல்லவில்லை. சாயங்காலம் அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து மெதுவாகக் கேட்டார்: "நாங்க வேலை செய்யறோமா இல்லையான்னு கம்பெனி உளவு பார்க்கிற பெட்டின்னு நினைச்சோம், தீதி. எங்க உயிரைக் காக்கிறதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கழட்டியிருப்பேனா?"

தங்களை உளவு பார்ப்பதாக நினைத்த பெட்டிக்கே பொட்டு வைத்துப் பூச்சூட்டிய மனிதர்களை, "சுவர் அசையவே இல்லை" என்று சொல்லி நான் சாகக் கொடுக்க இருந்தேனே!