அளவு பிளவுஸை நம்பித் தைத்த பிரா

கே.கே. நகரில் நான் தையல் கடை போட்ட புதிதில் நடந்தது. கனத்த மார்பு கொண்ட சரோஜா டீச்சர், பட்டை அழுத்தித் தழும்பேறிய தோளைக் காட்டி, "எந்தக் கடை பிராவும் தாங்க மாட்டேங்குதும்மா, நீயே தச்சுக் குடு" என்றார். உடம்பில் அளவெடுக்க இருவருக்குமே கூச்சம். ரவிக்கைக்குக் கொடுப்பதுபோல அளவு பிளவுஸைக் கொடுத்தார். நானும் அதை வைத்தே தைத்துவிட்டேன்.

பள்ளி ஆண்டு விழா மேடையில் பரிசு கொடுக்கக் கை நீட்டியபோது நான் தைத்த பிராவின் கொக்கிகள் மொத்தமாகத் தெறித்துவிட்டன. முந்தானையை இழுத்துப் போர்த்திச் சமாளித்திருக்கிறார். மறுநாள் கடைக்கு வந்தபோது, திட்டப் போகிறார் என்றே நினைத்தேன். அவரோ கதவைச் சாத்திவிட்டு, "கூச்சப்பட்டதெல்லாம் போதும், டேப்பை எடு" என்றார்.

அளந்தபோதுதான் புரிந்தது. பழைய பிரா அமுக்கி வைத்திருந்த உடம்புக்குத் தைத்த பிளவுஸ் அது. மார்புக்கு அதில் இடமே போதவில்லை. இம்முறை மார்புக்குக் கீழே இறுக்கி அளந்து, பாரம் தாங்க அகலப் பட்டை வைத்தேன். போட்டுப் பார்த்தவர் இரண்டு கைகளையும் மேலே தூக்கி, "எம்புட்டு லேசா இருக்கு!" என்று சிறுமிபோலச் சிரித்தார்.

டீச்சர் இப்போது மகளோடு கோவையில் இருக்கிறார். பிராவுக்கு யார் அளவு பிளவுஸை நீட்டினாலும் நான் வாங்குவதில்லை. கதவைச் சாத்திவிட்டு டேப்பை எடுக்கிறேன். தைத்து முடித்ததும் போட்டுக் கைகளைத் தூக்கச் சொல்கிறேன். அந்தச் சிரிப்பு வராவிட்டால், பிரித்துத் தைக்கிறேன்.