ஆளுக்கொரு பள்ளிக்கூடம் பார்த்தோம்

என் மகனை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டியிருந்தது. மைசூரில் எங்கள் வீட்டுப் பக்கம் இரண்டு அரசுப் பள்ளிகள். மருத்துவமனையில் நர்ஸாக இருக்கும் எனக்கு இரண்டுக்கும் போக நேரமில்லை. சர்ச் பாடல் குழுவில் பல வருடமாக என் பக்கத்தில் நின்று பாடும் ஸ்டெல்லாவுக்கும் அதே வயதில் மகள். ஆளுக்கு ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து ஒப்பிடலாம் என்று பேசிக்கொண்டோம்.

நான் பார்த்த பள்ளியில் மூன்று வகுப்புக்கும் ஒரே அறை, ஒரே டீச்சர். ஸ்டெல்லாவிடம் ஒளிக்காமல் சொன்னேன்.

"நான் பார்த்தது அதவிட மோசம் அக்கா. டீச்சரே ஒழுங்கா வர்றதில்ல, பாத்ரூம்ல தண்ணி இல்ல. நீங்க வேற போய் சும்னே வீணா அலையாதீங்க" என்றாள். நம்பி, நான் பார்த்த பள்ளியிலேயே மகனைச் சேர்த்தேன்.

பள்ளி திறந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் வாசலில் அவள் மகள் என் மகனிடம் கேட்டாள்: "நீ ஏன் எங்க ஸ்கூலுக்கு வரல? எங்க மிஸ் இங்கிலீஷ்ல கதை சொல்வாங்க."

எந்த ஸ்கூல் என்று விசாரித்தேன். ஸ்டெல்லா மோசம் என்று சொன்ன அதே பள்ளி! அவளிடமே கேட்டேன்.

"இங்கிலீஷ் மீடியத்துல ஒரே சீட்டுதான் இருந்துச்சு அக்கா. நீங்களா இருந்தா விட்டுக் கொடுப்பீங்களா?" என்றாள் கூசாமல்.

கொடுத்திருக்க மாட்டேன். ஆனால் பொய் சொல்லியிருக்க மாட்டேன்.

இப்போதெல்லாம் யாராவது ஒரு பள்ளியைக் குறை சொன்னால், அவர்கள் பிள்ளை எங்கே படிக்கிறது என்று முதலில் கேட்கிறேன். பிறகு லீவு போட்டு நானே போய்ப் பார்க்கிறேன். பாடல் குழுவில் ஸ்டெல்லாவுக்குப் பக்கத்து இடம் காலியாகத்தான் இருக்கிறது.