முள்ளில்லாத் தூண்டிலைக் கவ்விய தோமான்

நீங்கள் பொய் சொல்கிறீர்கள், அண்ணே. அதுவும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத இரண்டு பொய்.

அண்ணன் என்று நான் சொல்வது எங்கள் தூண்டில் குழுவின் வாட்ஸ்அப் அட்மினை. சிங்கப்பூரில் உட்லண்ட்ஸ் பக்கம் இருக்கிறார். கப்பல் பட்டறையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையை விட்டாரே தவிர மேற்பார்வை பார்ப்பதை விடவில்லை. நாங்கள் ஏழெட்டுப் பேர் ஞாயிற்றுக்கிழமை காலையில் வடக்கே உள்ள நீர்த்தேக்கத்துக்குப் போவோம். நான் செங்காங்கிலிருந்து ரயில் ஏறி, பிறகு எப்போதாவது வரும் ஒரு பேருந்துக்குக் காத்திருந்து போகிறவன். அங்கே மீன்பிடிக்க அனுமதித்த மேடை ஒன்று இருக்கிறது. உயிருள்ள இரை போடக்கூடாது, ரப்பரிலும் பிளாஸ்டிக்கிலும் செய்த இரைதான். பிடித்த மீனை எடைபோட்டு, படம் எடுத்து, திரும்பத் தண்ணீரில் விட்டுவிடுவோம். வருடக் கடைசியில் பெரிய மீன் பிடித்தவருக்கு ஒரு பித்தளைச் செம்பு. லிட்டில் இந்தியாவில் பாத்திரக்கடை வைத்திருக்கும் பாய் எங்கள் குழுவில் இருக்கிறார். அவர் கடையில் விற்காமல் கிடந்த செம்பு அது. சில வருடமாக அது அண்ணன் வீட்டுக் கண்ணாடி அலமாரியில்தான் இருக்கிறது.

இப்போது புரட்டாசிக்கு வருகிறேன். என்னையும் அண்ணனையும் சேர்த்துக் குழுவில் பாதிப்பேர் அந்த மாதம் முழுக்கச் சைவம். முன்பெல்லாம் அந்த மாதம் தூண்டிலைத் தொட மாட்டோம். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தால் மின்விசிறி துடைக்கச் சொல்கிறார்கள். அதனால் அண்ணன் ஒரு வழி கண்டுபிடித்தார்.

"முள்ளு இருந்தாத்தான் மீன் பிடிக்கிறது. முள்ளைக் கழட்டிட்டு வீசினா அது எக்ஸர்சைஸ் லா."

யாரும் சிரிக்கவில்லை. ஆளுக்கொரு குறடு எடுத்துக்கொண்டு உட்கார்ந்து முள்ளைக் கழற்றினோம். நானும் என் ரப்பர் தவளையின் பின்னால் இருந்த இரட்டை முள்ளை வெட்டினேன். பாய்க்குப் புரட்டாசியும் கிடையாது ஒன்றும் கிடையாது. அவரும் கழற்றினார். "நீங்கள்லாம் சும்மா நிக்கிறப்ப எனக்கு மட்டும் மாட்டினா நல்லாவா இருக்கும்?" என்றார்.

இப்படியாக, வளர்ந்த ஆண்கள் வெயிலில் வரிசையாக நின்று, மீன் மாட்டவே முடியாத தூண்டிலை வீசுவதும் சுற்றுவதுமாக இருந்தோம். பக்கத்துத் தங்கும் விடுதியிலிருந்து சாப்பாட்டுப் பொட்டலத்தோடு வந்து நிழலில் உட்கார்ந்திருந்த தமிழ்நாட்டுத் தொழிலாளிகள் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். ஒருவர் கேட்டார்: "அண்ணே, முள்ளு விலை கூடிப்போச்சா?"

அன்றைக்குத்தான் தோமான் வந்தது. நம் விரால் மீனின் சொந்தக்காரன் தோமான், ஆனால் ரவுடி. என் தவளையைத் தாவிக் கவ்வியது. முள் இல்லை, துப்பிவிடும் என்று நினைத்தேன். துப்பவில்லை. கழி வில்லாக வளைந்தது. பல் ரப்பரில் சிக்கியதா, இல்லை பிடிவாதமா, எனக்குத் தெரியாது.

"விடுடா! விடு!" என்று அண்ணன் கத்தினார். "புரட்டாசிடா!"

"நான் எங்கண்ணே பிடிச்சிருக்கேன்? அதுதான் என்னைப் பிடிச்சிருக்கு!"

"ரீலைச் சுத்தாதே!"

"சுத்தலைன்னா கழியே போயிடும்!"

நிழலில் இருந்தவர்கள் சாப்பாட்டைப் போட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டார்கள். "இழுங்கண்ணே, இழுங்க!" என்று அவர்கள் ஒரு பக்கம், "விடு விடு" என்று அண்ணன் ஒரு பக்கம். அந்த நேரம் பார்த்து இருவர் உட்காரும் துடுப்புப் படகில் ஒரு சீன ஜோடி அந்தப் பக்கம் வந்தது. தோமான் படகுக்கு அடியில் புகுந்தது. தூண்டில் நரம்பு அந்த ஆளின் துடுப்பில் சுற்றிக்கொண்டது. படகு அப்படியே திரும்பி, பின்பக்கமாக எங்களை நோக்கி வந்தது. நான் மீனோடு படகையும் சேர்த்து இழுத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவள் முன்னால் துடுப்புப் போடப் போட, படகு பின்னால் போனது.

அந்த ஆள் நல்லவர். நரம்பை விடுவித்துவிட்டு, மேடைக்கு அருகில் வந்து கேட்டார்: "அங்கிள், வாட் ஹுக் யூ யூஸ்?"

"நோ ஹுக்."

"தென் ஹவ்?"

"ஆஸ்க் த ஃபிஷ்," என்றேன். எனக்கு மூச்சு வாங்கியது.

பாய் வலையை விட்டு அள்ளினார். வலைக்குள் கிடந்தும் வாயைத் திறக்கவில்லை அந்தத் தோமான். என் தொடை நீளம் இருந்தது. இந்த வருடம் அண்ணன் பிடித்ததைவிடப் பெரிது. கண் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்தது. தராசு அண்ணனிடம்தான் இருக்கும். கேட்டேன்.

"புரட்டாசியில தராசைத் தொட மாட்டேன்," என்றார்.

"நான் தொடலாமே, எனக்கென்ன புரட்டாசி?" என்று பாய் கையை நீட்டினார். அண்ணன் தராசைக் கால்சட்டைப் பைக்குள் போட்டு, மேலே கையை வைத்துக்கொண்டார். நாங்கள் அவர் பையைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் தோமான் வாயைத் திறந்து, தவளையைத் துப்பி, ஒரு துள்ளு துள்ளித் தண்ணீருக்குள் போய்விட்டது. போவதற்கு முன் பாய் ஒரு படம் எடுத்திருந்தார். அதில் மீன் தெளிவாக இருக்கிறது. நானும் இருக்கிறேன்.

மதியம் சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு சைவ உணவகத்தில் உட்கார்ந்தோம். அண்ணன் சைவ மீன் குழம்பு வாங்கினார். சோயாவில் மீன் துண்டு மாதிரியே செய்து, தோலுக்குக் கடற்பாசி ஒட்டியிருப்பார்கள். அதைப் பிய்த்துத் தின்றுகொண்டே தீர்ப்புச் சொன்னார்.

"முள்ளு இல்ல. அதனால அது பிடிச்ச மீன் இல்ல. மீன் இவனைப் பார்க்க வந்துச்சு, பார்த்துட்டுப் போயிருச்சு. விசிட்."

சரி, செம்பு போனால் போகட்டும் என்று இருந்திருப்பேன். அவர் நிறுத்தவில்லை. கடற்பாசித் தோலை மென்றுகொண்டே அடுத்ததைச் சொன்னார். நான் விரதத்தில் மீன் பிடித்துவிட்டேனாம். தை பிறக்கும்வரை மேடைப் பக்கம் வரக்கூடாதாம்.

"பிடிக்கலைன்னு இப்பத்தானே சொன்னீங்க?"

"ரீலைச் சுத்தினியா இல்லையா?"

"சுத்தினேன்."

"அப்பப் பிடிக்கணும்னு நினைச்சே. நினைப்பே பாவம்தான்."

"அப்பச் செம்பு?"

"நினைப்புக்கெல்லாம் செம்பு கிடையாது லா."

மற்றவர்கள் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பாய் மட்டும் தன் தட்டைப் பார்த்துக்கொண்டே, "இதுல எனக்குப் புரியாத மார்க்கம் ஏதோ இருக்கு போல," என்றார்.

அதோடும் விடவில்லை. அன்று மாலையே என் மனைவிக்குக் குரல் செய்தி அனுப்பியிருக்கிறார், இவன் விரதத்தைக் கெடுத்துவிட்டான் என்று. அவள் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"மீன் பிடிச்சீங்களா?"

"பிடிக்கலைன்னு அண்ணன் சொல்றாரு."

"அவரை விடுங்க. நீங்க சொல்லுங்க. பிடிச்சீங்களா, இல்லையா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். என்னால் சொல்ல முடியவில்லை. இத்தனை வருடத்தில் நான் பிடித்த ஒரே பெரிய மீன் அது. "பிடிச்சேன்," என்றேன். கெட்டுப்போன விரதத்துக்கு ஈடாக ஐப்பசியும் சைவம் என்றாள். தீபாவளிக்கு வந்த சொந்தக்காரர்கள் எல்லாம் ஆட்டிறைச்சிப் பிரட்டல் சாப்பிட்டார்கள். எனக்குச் சோயா. அந்தத் தட்டோடு நடுக்கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். ஏன் என்று கேட்ட ஒவ்வொருவருக்கும் தோமான் கதையைச் சொன்னேன். ஒருவர்கூட நம்பவில்லை. நம்பாதவர்களும், விரதத்தைக் கெடுத்தது தப்பு என்று சொல்லிவிட்டுத்தான் அடுத்த துண்டை எடுத்தார்கள்.

வருகிற வாரம் குழுவின் ஆண்டிறுதி விருந்து. குடும்பத்தோடு எல்லோரும் வருகிறார்கள், செம்பும் வருகிறது. அண்ணே, தனியாகப் பேசிக்கொள்ளலாம் என்று நேற்று எனக்குச் செய்தி அனுப்பினீர்கள். தனியாகப் பேச எனக்கு ஒன்றும் இல்லை. பிடித்தேன் என்றால் செம்பு என்னுடையது. பிடிக்கவில்லை என்றால் என் விரதம் கெடவில்லை. அதை என் மனைவியிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும், மேடைக்கு என்னை மறுபடி கூப்பிட வேண்டும். எதுவாக இருந்தாலும் எனக்குச் சம்மதம். இரண்டையும் ஒன்றாக ஏற்கமாட்டேன். அங்கே ஒலிபெருக்கி இருக்கும். அதைக் கையில் எடுத்து, என் மனைவியும் பாயும் மற்ற எல்லோரும் கேட்க, ஒரே ஒரு பதில் சொல்லுங்கள் அண்ணே: அந்த மீனை நான் பிடித்தேனா, இல்லையா?